பத்து அசைக்குள் ஒடிஸி

2017 நவம்பரில் நார்ட்டன் பதிப்பகம், டிராய் போர் முடிந்து வீடு திரும்ப அலையும் ஒடிசியஸின் கதையைச் சொல்லும் பண்டைக் கிரேக்கக் காப்பியமான ஹோமரின் ஒடிஸிக்கு ஒரு புதிய ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. செய்தவர் எமிலி வில்சன். பிரிட்டனில் பிறந்தவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பிப்பவர். ஒடிஸியை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண் என்ற அடையாளத்தோடுதான் அவர் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. செய்தி சரிதான். ஆனால் அந்தத் தலைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு நூலைத் திறந்தவர்களில் பலர், அதில் புதிதாகத் தெரிவதெல்லாம் மொழிபெயர்த்தவர் பெண் என்பதால் வந்த புதுமை என்று முடிவுகட்டிவிட்டார்கள். வில்சனுக்கே இந்த அடையாளம் உவப்பாக இல்லை. பிரெஞ்சில் ஆன் தாசியே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், இத்தாலியத்தில் ரோசா கால்செக்கி ஒனெஸ்தி 20ஆம் நூற்றாண்டிலும் இதே காப்பியத்தை மொழிபெயர்த்திருப்பதை நினைவூட்டி அவர் பலமுறை ஆட்சேபித்திருக்கிறார்.

அந்த நூலின் குணத்தைத் தீர்மானித்தது, வேலை தொடங்கும்போது அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட ஒரு நிபந்தனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்க மூலத்தில் எத்தனை அடிகளோ ஆங்கிலத்திலும் அத்தனையே இருக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் ஐயாம்பிக் பென்டாமீட்டர் எனப்படும் ஆங்கில மரபு யாப்பில், ஏறக்குறையப் பத்து அசைகளில் முடிந்துவிட வேண்டும். கேட்பதற்குச் சிறிய விதியாகத் தெரியும் இது எதையெல்லாம் கொண்டுவந்தது, எதையெல்லாம் வெளியே தள்ளியது என்பதைப் பார்த்தால் இந்த மொழிபெயர்ப்பு ஏன் இப்படி ஒலிக்கிறது என்பது பெருமளவுக்கு விளங்கிவிடும்.

ஒடிஸி 24 பகுதிகளில் ஏறத்தாழ 12,110 அடிகள் கொண்டது. அதன் யாப்புக்கு டாக்டிலிக் ஹெக்சாமீட்டர் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், குறிலும் நெடிலும் காதில் ஊறிய தமிழ் வாசகருக்கு அதன் உள்வேலை ஆங்கிலேயரைவிட எளிதில் பிடிபடும், ஏனென்றால் கிரேக்க யாப்பும் ஒலியின் நீளத்தை அளந்து நடப்பதுதான். ஒரு நீண்ட அசையும் இரண்டு குறுகிய அசைகளும் சேர்ந்தால் ஒரு சீர். ஆறு சீர் சேர்ந்தால் ஓர் அடி. இரண்டு குறுகிய அசைகள் வரவேண்டிய இடத்தில் ஒரு நீண்ட அசை வந்து உட்காரலாம். கடைசிச் சீருக்கு மட்டும் எப்போதும் இரண்டே அசை. (அசை என்று இங்கே நான் சொல்வது ஆங்கிலத்தில் சிலபிள் எனப்படுவதை; நம் நேர், நிரைக் கணக்கு வேறு.) ஆகவே ஓர் அடி 12 முதல் 17 அசை வரை நீளும். சராசரி 15 என்று வைத்துக்கொண்டால் கிரேக்க ஒடிஸியில் ஏறத்தாழ 1,80,000 அசைகள் இருக்கும். வில்சனின் அடிக்குப் பத்து என்ற கணக்கில் ஆங்கிலத்துக்குக் கிடைப்பது 1,20,000 சொச்சம். மூன்றில் ஒரு பங்கு இடம் முதல் நாளிலேயே பறிபோய்விடுகிறது.

இந்த இழப்பில் ஒரு பகுதியை ஆங்கிலம் தானே ஈடுகட்டிவிடும். கிரேக்கத்தில் வேற்றுமை, காலம், இடம், எண் எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதால் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்திலோ அன்றாடச் சொற்களில் பெரும்பகுதி ஓரசைச் சொற்கள். வில்சன் அந்த ஓரசைச் சொற்களை நம்பித்தான் நிபந்தனையில் கையெழுத்திட்டார். அவருடைய நடை வேகமாக ஓடுவதும், பேச்சுமொழிக்குப் பக்கத்தில் நிற்பதும், லத்தீன் வழிவந்த பல அசைச் சொற்களைக் கூடுமானவரை ஒதுக்குவதும் கொள்கை என்பதோடு இடநெருக்கடியும்தான். அப்படியும் அடங்காதது வெளியேறியாக வேண்டும். எது வெளியேறுகிறது என்பதில்தான் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கை தெரிகிறது.

அவருக்கு முன் வந்தவர்கள் இந்த இட நெருக்கடியை வேறு வேறு வழிகளில் தவிர்த்தார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தவரான ஜார்ஜ் சாப்மன் 1615 வாக்கில் வெளியிட்ட ஒடிஸி இயைபுத் தொடை கொண்ட ஈரடிகளில் அமைந்தது. தேவைப்பட்ட இடத்தில் அவர் தயங்காமல் விரித்தார், அறவுரையும் சேர்த்தார். அலெக்சாண்டர் போப்பின் ஒடிஸி 1725, 1726இல் வந்தது. 24 பகுதிகளில் 12ஐ மட்டுமே அவர் தாமே செய்தார். எட்டை வில்லியம் புரூமிடமும் நான்கை எலைஜா ஃபென்டனிடமும் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டார், அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை வாசகரிடம் குறைத்தே சொன்னார். மூவர் எழுதியும் ஒரே குரலில் ஒலிப்பது, ஹோமரின் குரலுக்கு மேல் போப்பின் யாப்பு எவ்வளவு கனமாகப் போர்த்தப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று. 1946இல் பெங்குயின் கிளாசிக்ஸ் வரிசையின் முதல் நூலாக வந்த ஈ. வி. ரியூவின் உரைநடை ஒடிஸி யாப்பையே விட்டுவிட்டு நாவல்போல் ஓடியது. முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ரிச்மண்ட் லாட்டிமோர் 1965இல் அடிக்கு அடி என்ற ஒழுங்கைக் காத்தார், ஆனால் ஆறு அழுத்தங்கள் கொண்ட நீண்ட அடியை எடுத்துக்கொண்டார். கிரேக்கச் சொல்லொழுங்கு உறுத்தும் அளவுக்கு அதில் தெரியும், வகுப்பறைக்கு அது மிகப் பொருத்தம். ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1961இலும் ராபர்ட் ஃபேகில்ஸ் 1996இலும் அடிக்கணக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஃபேகில்ஸ் மூலத்தைவிடக் கூடுதலான அடிகளை எடுத்துக்கொண்டு தாராளமாக விரித்தார். இந்த வரிசையில் மரபு யாப்பு, அடிக்கு அடி என்னும் இரண்டு கட்டுகளையும் ஒருசேரக் காலில் மாட்டிக்கொண்டு ஓடிக் காட்டியது வில்சன்தான்.

காப்பியத்தின் முதல் அடிகளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். கவிஞர் பாட்டுக்குத் தெய்வமான மியூஸை அழைத்துத் தொடங்குகிறார். கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘மனிதனைச் சொல் எனக்கு, மியூஸ் தேவியே, பல திருப்பம் உடையவனை, டிராயின் புனிதக் கோட்டையை அழித்தபின் பல அலைச்சல் அலைந்தவனை, பல மனிதரின் நகரங்களைக் கண்டு அவர்தம் உள்ளம் அறிந்தவனை, கடலில் பல துயரங்களை நெஞ்சில் பட்டவனை.’ இதில் நான்கு முறை வரும் ‘பல’ கிரேக்கத்திலும் நான்கு முறை வருகிறது. முதல் அடியின் அடைமொழியான ‘பாலிட்ரோபொஸ்’ என்ற சொல்லின் முன்பாதி அந்தப் ‘பல’தான், பின்பாதி ‘திருப்பம்’. மனிதன் எப்படிப்பட்டவன் என்று சொல்லும் சொல்லையே எடுத்து, அவன் அலைந்த அலைச்சலுக்கும் கண்ட ஊர்களுக்கும் பட்ட துயரத்துக்கும் கவிஞர் முரசுபோல் தட்டிக்கொண்டு போகிறார்.

வில்சனின் முதல் அடி, ஒரு ‘காம்ப்ளிகேட்டட்’ மனிதனைப் பற்றி எனக்குச் சொல் என்று கேட்கிறது. இந்த ஒற்றைச் சொல்லுக்காக அவர் வாங்கிய பாராட்டும் வசையும் கொஞ்சமல்ல. மூலச் சொல்லில் இரண்டு பொருள் பிணைந்திருக்கின்றன: பல வழிகளில் திரும்பத் தெரிந்தவன், அதாவது சூழ்ச்சிக்காரன் என்பது ஒன்று, பல திசைகளில் திருப்பி அலைக்கழிக்கப்பட்டவன் என்பது மற்றொன்று. லாட்டிமோர் ‘பல வழிகள் உடையவன்’ என்று சொல்லோடு ஒட்டி நின்றார். ஃபேகில்ஸ் ‘வளைவும் திருப்பமும் கொண்டவன்’ என்று அழகாகச் செய்தார். இரண்டு பொருளும் அதில் உயிரோடு இருக்கின்றன. ஃபிட்ஸ்ஜெரால்டு போராடும் வகையெல்லாம் தெரிந்தவன் என்று வீரத்தின் பக்கம் சாய்த்தார். வில்சனின் சொல் லத்தீனில் ‘சேர்த்து மடிப்பது’ என்ற பொருள்கொண்ட வேரிலிருந்து வந்தது; ஆகவே மடிப்பு மடிப்பாக உள்ளவன் என்ற உருவகம் அதற்குள் தூங்குகிறது. மேலே கேட்பதோ இன்றைய பேச்சு: ஒருவரோடு ஒத்துப்போவது எளிதல்ல என்பதை நாகரிகமாகச் சொல்ல ஆங்கிலேயர் பயன்படுத்தும் சொல். ஒடிசியஸைப் புகழாமலும் இகழாமலும் அறிமுகப்படுத்த இதைவிடச் சிக்கனமான சொல் கிடைப்பது கடினம். அதோடு, கிரேக்கக் காப்பியத்தில் அந்த ‘மனிதன்’ என்ற சொல்லுக்கு முன் ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ போன்ற எந்தச் சார்படையும் கிடையாது. முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ‘அந்த மனிதன்’ என்று பொருள்படும்படி எழுதினார்கள், எல்லாருக்கும் தெரிந்த நாயகன் என்பதுபோல. வில்சன் ‘ஒரு மனிதன்’ என்றார். தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

ஆனால் அடுத்த அடிகளில் விலை கொடுக்கப்படுகிறது. ‘பல மனிதரின் நகரங்களைக் கண்டு அவர்தம் உள்ளம் அறிந்தவன்’ என்ற முழு அடி வில்சனிடம் ‘எங்கே போனான், யாரைச் சந்தித்தான்’ என்று சுருங்கிவிடுகிறது. அந்நியர் ஊரைக் காண்பதும் அவர்கள் மனம் அறிவதும் இந்தக் காப்பியத்தின் உயிர்; அது ஒரு பயணக்குறிப்பின் வினாப்பட்டியலாக இளைத்துப்போகிறது. நான்கு ‘பல’வும் காணாமல்போயின. இந்த முன்னுரைப் பகுதியின் கடைசி அடியில் கவிஞர் ‘இவற்றில் எங்கிருந்தாவது தொடங்கி, தேவியே, எங்களுக்கும் சொல்’ என்று கேட்கிறார். வில்சன் அதைப் பழைய கதையை நம் நவீன காலத்துக்குச் சொல் என்றும், தொடக்கத்தைக் கண்டுபிடி என்றும் ஆக்கினார். ‘எங்களுக்கும்’ என்ற சொல்லில் ‘எங்களுக்கு முன் கேட்டவர்களுக்குச் சொன்னதுபோல’ என்ற குறிப்பு இருப்பதால் முதலாவதை ஏற்கலாம். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கிருந்தாவது என்று கவிஞர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: இந்தக் கதை தொடக்கத்தில் தொடங்குவதில்லை, இருபது ஆண்டுக் கதையின் கடைசிச் சில வாரங்களில்தான் திரை விலகுகிறது.

1861இல் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்டு தம் ஆக்ஸ்ஃபோர்டு உரைகளை நூலாக்கியபோது ஹோமரின் மொழிபெயர்ப்பாளர் மறக்கக்கூடாத நான்கு குணங்களைச் சொன்னார்: விரைவு, சிந்தனை நேராகச் செல்லும் எளிமை, சொல்லின் எளிமை, மேன்மை. வில்சனை விமர்சிப்பவர்கள் நான்காவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். கம்பீரம் போதாது என்பது அவர்கள் முறையீடு. ஆங்கில வாசகர் ஹோமரின் கம்பீரம் என்று பழகிவைத்திருப்பதில் எவ்வளவு ஹோமருடையது, எவ்வளவு விக்டோரியா காலத்து உரைநடையுடையது என்று பிரித்துப் பார்க்காமல் இந்த முறையீட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஹோமரின் மொழி அவர் காலத்திலேயே யாரும் வீட்டில் பேசாத, பல வட்டார வழக்குகள் கலந்த காப்பிய மொழி என்பது உண்மை. அது புரியாத மொழி என்பது பொய். கேட்டவர்கள் இருந்த இடத்திலேயே புரிந்துகொண்டார்கள். இல்லையென்றால் பாடகருக்குச் சோறு கிடைத்திருக்காது.

இனி, இந்த மொழிபெயர்ப்பு அதிகம் பேசப்பட்ட இடத்துக்கு வரலாம். 22ஆம் பகுதியில் ஒடிசியஸ் தன் மனைவியை மணக்க வந்து வீட்டில் தின்றுகொண்டிருந்த ஆண்களை எல்லாம் கொன்று முடிக்கிறான். பிறகு வயதான செவிலித்தாய் யூரிக்லியாவை அழைத்து, வீட்டுப் பெண்களில் துரோகம் செய்தவர்கள் யார் என்று கேட்கிறான். அவள் சொல்லும் பதில்: இந்த வீட்டில் ஐம்பது பெண்கள் இருக்கிறார்கள், வேலை செய்யவும், கம்பளி சிக்கெடுக்கவும், அடிமைத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளவும் அவர்களுக்குக் கற்பித்தோம், அவர்களில் பன்னிரண்டு பேர் மானம் கெட்ட வழியில் போனார்கள். ‘அடிமைத்தனத்தைப் பொறுத்துக்கொள்ள’ என்பது கிரேக்கத்தில் உள்ளபடியே. இந்தப் பெண்களைக் குறிக்கும் ‘த்மோவாய்’ என்ற சொல் விலைக்கு வாங்கப்பட்டோ போரில் பிடிக்கப்பட்டோ வீட்டுக்கு உரிமையானவர்களைச் சுட்டுவது. யூரிக்லியாவே அப்படி வந்தவள்தான். ஒடிசியஸின் தந்தை லெயர்ட்டீஸ் அவளுக்கு இருபது மாடுகளின் மதிப்பைக் கொடுத்தான் என்று முதல் பகுதியிலேயே கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் இவர்கள் நெடுங்காலம் பணிப்பெண்கள், வேலையாட்கள், வீட்டு மேற்பார்வையாளர்கள் என்றே வலம் வந்தார்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இங்கிலாந்து மாளிகை ஆட்கள் என்று வாசகர் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. வில்சன் அடிமை என்ற சொல்லைத் திரும்ப எடுத்து வைத்தார். இன்றைய அரசியலைப் பழைய நூலில் திணிக்கிறார் என்று இதற்காக அவரைக் குறைசொன்னவர்கள் மூலத்தின் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. சம்பளக்காரர்களாக்கிய மென்மைதான் பிற்காலத்துத் திணிப்பு.

பன்னிருவரும் முதலில் பிணங்களை வெளியே சுமக்க வைக்கப்படுகிறார்கள். ரத்தம் படிந்த மேசை நாற்காலிகளைக் கடற்பஞ்சால் துடைக்கவும் வைக்கப்படுகிறார்கள். வாளால் வெட்டிவிடு என்று தந்தை சொல்லியிருந்தான். மகன் டெலிமாக்கஸ் அதை மாற்றுகிறான்: என் தலைமேலும் என் தாய்மேலும் பழி பொழிந்து, அந்த ஆண்களோடு படுத்த இவர்களுக்குத் தூய சாவு கொடுக்கமாட்டேன். ‘இவர்கள்’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது பெண்பாலைக் காட்டும் ஒரு சுட்டுச்சொல் மட்டுமே. வசைச்சொல் எதுவும் கிடையாது. ஃபேகில்ஸும் ஃபிட்ஸ்ஜெரால்டும் அந்த இடத்தில் வேசி என்ற பொருள்தரும் கொச்சையான ஆங்கிலச் சொற்களை வைத்தார்கள். லாட்டிமோர் ‘இந்த ஜந்துக்கள்’ என்பதுபோல் எழுதினார். வில்சன் ‘இந்தப் பெண்பிள்ளைகள்’ என்றார். நியாயமாகச் சொன்னால் அந்தச் சொல்லும் கிரேக்கத்தில் இல்லை. அது அவர்களின் வயதைக் குறைத்து இரக்கத்தைச் சற்றுக் கூட்டுகிறது. இரண்டு பக்கச் சேர்க்கைகளில் எது மூலத்துக்கு அருகில் என்று கேட்டால், அதே 22ஆம் பகுதியின் 37ஆம் அடியைக் காட்ட வேண்டும். அங்கே ஒடிசியஸ் அந்த ஆண்களைப் பார்த்து, என் வீட்டு அடிமைப் பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள் என்று குற்றம் சாட்டுகிறான். ஆண்கள்மேல் வழக்குத் தொடுக்கும்போது பலவந்தம். பெண்களுக்குத் தண்டனை தரும்போது துரோகம். காப்பியம் இந்த முரணைச் சுட்டிக்காட்டுவதில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. வசைச்சொல்லைச் சேர்த்தவர்களே மறைத்தார்கள்.

கப்பல் கயிற்றை முற்றத்துத் தூணில் கட்டி, வட்டக் கட்டடத்தைச் சுற்றி இழுத்து, கால் தரையில் படாத உயரத்தில் அவர்களை வரிசையாகத் தொங்கவிடுகிறான் டெலிமாக்கஸ். அங்கே ஓர் உவமை வருகிறது: கூடு திரும்பும் வழியில், புதரில் விரித்த வலையில் மாட்டிக்கொண்ட பூங்குருவிகளைப்போல, புறாக்களைப்போல அவர்கள் தலைகள் வரிசையில் நின்றன, அவற்றை எதிர்கொண்டது வெறுப்புக்குரிய படுக்கை. படுக்கை என்ற சொல்லை அங்கே வைத்த கவிஞரின் கை நடுங்கவில்லை. ‘கால்கள் சிறிது நேரம் துடித்தன, வெகு நேரம் இல்லை’ என்று காட்சி முடிகிறது. வில்சன் பறவைகள் உறங்கப்போகும் நேரத்தைக் கசப்பானதாக்கி, கடைசி அடியை ஓரசைச் சொற்களால் முடிக்கிறார். பத்து அசை நிபந்தனை இங்கே கொடுத்த பலன் பெரிது. சுற்றி வளைக்க இடமில்லாததால் கொடுமை வெறும் தகவலாக நிற்கிறது, மூலத்திலும் அப்படித்தான் நிற்கிறது.

அடிமைத்தனம் பற்றிக் கவிஞருக்குச் சிந்தனையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பன்றி மேய்க்கும் யூமேயஸ் ஓர் அரசனின் மகன். குழந்தையாக இருந்தபோது ஃபினீசிய வணிகர்கள் தூக்கிவந்து லெயர்ட்டீஸிடம் விற்றார்கள். எஜமானன் இல்லாத வீட்டில் கவனிப்பாரற்று எருக்குவியல்மேல் கிடக்கும் கிழநாயைக் காட்டி அவன் சொல்வான்: அடிமை நாள் ஒருவனைப் பிடித்ததும் அவன் மதிப்பில் பாதியைத் தேவர்களின் அரசனான சியூஸ் பறித்துவிடுகிறான். யூமேயஸைப் பணியாள் என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்றே வாசகருக்குத் தெரியாது.

இதேபோல் சின்னச் சின்ன இடங்கள் இன்னும் உண்டு. 21ஆம் பகுதியில் ஒடிசியஸின் மனைவி பெனெலபி ஆயுத அறையைத் திறக்கத் தந்தப்பிடி போட்ட வெண்கலச் சாவியைக் ‘கனத்த கையால்’ எடுக்கிறாள். போர்வீரர்களின் கைக்கும் ஹோமர் போடும் அதே அடைமொழி அது. அழகியான அரசிக்குக் கனத்த கை எப்படி என்று கூச்சப்பட்டவர்கள் அதை நிதானமான கையாக்கினார்கள். சிலர் அடைமொழியையே விட்டுவிட்டார்கள். வில்சன் தசை உரமேறிய உறுதியான கை என்று எழுதினார். இருபது ஆண்டு தறியில் உழைத்தவள் கை வேறு எப்படி இருக்கும்! நான்காம் பகுதியில், டிராய் போருக்குக் காரணமான ஹெலன் தன்னையே ‘நாய்முகத்தாள்’ என்று சொல்லிக்கொள்வதையும் முன்னவர்கள் வேசி, வெட்கம் கெட்டவள் என்ற பொருள்களில் பெயர்த்தார்கள். வில்சன் முகத்தையும் வேட்டைநாய் துரத்துவதையும் இணைத்து ஒரு சொல்விளையாட்டாக்கினார். அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கூடிய தீர்வு என்பேன். ஆனால் நாய் போகவில்லை.

அவரோடு நான் பெரிதும் வேறுபடும் இடம் விடியல். ‘அதிகாலையில் பிறந்த, ரோஜா விரல் விடியல் தோன்றியபோது’ என்ற முழு அடி ஒடிஸியில் மாற்றமே இல்லாமல் சுமார் இருபது முறை வருகிறது. வில்சன் அதை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார்: ஓரிடத்தில் விடியல் வானத்தைப் பூவால் தொடுகிறாள், வேறோரிடத்தில் அவள் விரல்கள் மலர்கின்றன, இன்னோரிடத்தில் அவளுக்குப் பூக்களால் ஆன கைகள். காதால் கேட்பவருக்கு இந்தத் திருப்பிச் சொல்லல் ஊன்றிக்கொள்ள ஒரு கோல். பக்கத்தில் படிப்பவரோ மூன்றாம் முறையே அதைத் தாவிவிடுவார் என்பது அவர் தரப்பு.

இந்தத் திருப்பிச் சொல்லலின் காரணத்தை விளக்கியவர் மில்மன் பாரி என்ற அமெரிக்கர். 1928இல் பாரிசில் அவர் அளித்த ஆய்வு, ஹோமரின் அடைமொழிகள் அடியில் மிச்சமிருக்கும் இடத்தின் அளவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்று காட்டியது: அடியின் கடைசியில் இடம் அதிகமிருந்தால் ‘பல பொறுத்த, தெய்வீக ஒடிசியஸ்’, குறைந்திருந்தால் ‘பல சூழ்ச்சி ஒடிசியஸ்’. எழுதாமல் பாடும்போதே புனைகிறவருக்குத் தயார்நிலையில் இருக்கும் செங்கற்கள் அவை. இதை உயிரோடு பார்க்க வேண்டும் என்று 1930களில் அவர் தம் உதவியாளர் ஆல்பர்ட் லார்டுடன் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே எழுத்தறியாத அவ்டோ மெஜெடோவிச் என்ற பாடகர் 12,311 அடி கொண்ட ஒரே கதைப்பாடலைச் சொல்லி எழுதவைத்தார், கிட்டத்தட்ட ஒடிஸியின் நீளம். இந்தக் கோட்பாடு தமிழுக்கும் வந்து சேர்ந்தது. இலங்கைத் தமிழரான க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, பாரியும் லார்டும் காட்டிய வழியில் சங்கப் பாடல்களின் வாய்ப்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்தார். அது 1968இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நூலாக வந்தது. அவருடைய முடிவுகளை எல்லாரும் ஏற்கவில்லை என்றாலும், சங்கப் பாட்டில் ஒரே தொடர் திரும்ப வந்தால் அதைப் புலவரின் சொல்வறுமை என்று இனி யாரும் எழுத முடியாதபடி செய்துவிட்டார்.

அதனால்தான் விடியலை மாற்றுவது எனக்கு உறுத்துகிறது. யாப்புத் தேவைக்காக வந்த அடைமொழி யாப்பு மாறிய பிறகு தேவையில்லை என்று வாதாடலாம். வில்சன் பல இடங்களில் அடைமொழிகளைக் கழித்துப் பத்து அசைக்குள் வந்ததும் அந்த வழியில்தான். ஆனால் முழு அடியாகவே திரும்ப வரும் விடியலுக்குக் கேட்பவர் மனத்தில் வேறொரு வேலையும் உண்டு. ஒருநாள் தோழர்கள் அரக்கன் குகையில் தின்னப்பட்டுக் கிடக்கிறார்கள், ஒருநாள் விருந்து நடக்கிறது, ஒருநாள் ஒடிசியஸ் கடற்கரையில் அழுகிறான்; காலை மட்டும் அதே விரல்களோடு அதே சொற்களில் வருகிறது. மனிதர்மேல் அதற்கு அக்கறை இல்லை. காலையையும் மனிதனோடு சேர்த்து மாற்றிவிட்டால் ஒவ்வொரு விடியலும் அழகாகிறது, அந்த அலட்சியம் போய்விடுகிறது. தாவிப் படிப்பவர் தாவட்டுமே. தாவும்போதும் கண் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

2023இல், டிராய் போரைப் பாடும் ஹோமரின் மற்றொரு காப்பியமான இலியட்டும் வில்சனின் மொழிபெயர்ப்பில் வெளிவந்தது. யாப்பு அதே ஐயாம்பிக் பென்டாமீட்டர்தான். மூலத்தின் அடிக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் விட்டுவிட்டார். 15,693 அடி கொண்ட கிரேக்க இலியட் ஆங்கிலத்தில் அதற்குமேல் நீண்டது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. இலியட்டில் ஒருவன் ஈட்டி பட்டு விழும்போது அவன் பெயரோடு தந்தை பெயரும், பெரும்பாலும் அவன் ஊரும், சிலசமயம் அவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணும் இரண்டு மூன்று அடிகளில் சொல்லப்பட்டுவிடும். அவனைப் பற்றி அதற்கு முன்பும் பேச்சில்லை, பின்பும் இல்லை. ஒடிஸியில் ஓர் அடைமொழியைக் கழித்தால் அந்த ஆள் அடுத்த பக்கத்திலும் வருவான். இங்கே கழித்தால் செத்தவனுக்குக் கிடைத்த இரண்டு அடியும் போய்விடும்.